அம்மம்மாவின் வாழ்வை எழுதி வைத்தல்: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மம்மா காலமாகி 31ஆம் நாள், கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து வீடு திரும்பி, பந்தியும் முடிந்த பின் வந்திருந்த உறவினர்களுக்கு நினைவு மலரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மம்மாவின் தங்கை, நாங்கள் சின்னம்மம்மா என்று அழைப்பவர், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற்பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். பிறகு என்னை அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அக்கா பிறந்தது 1941 ஆவணி எண்டு போட்டிருக்கிறீங்கள். சப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு அம்மாவின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு தம்பலகாமம் மட்டும் நடந்து வந்தவ எண்டு அம்மா சொல்லுவா. எட்டு மாதப் பிள்ளை எப்பிடி நடக்கும்?"

திருகோணமலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. சின்னம்மம்மாவின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறந்த ஆண்டை யாரோ நினைவிலிருந்து சொன்னார், அதை யாரோ எழுதினார், ஒருவரும் சரிபார்க்கவில்லை. அச்சிட்ட 200 பிரதிகளிலும் அந்தத் தவறு இன்றும் இருக்கிறது.

இறந்தவருக்குக் கல்வெட்டு அல்லது நினைவு மலர் வெளியிடுவது நம்மிடையே நிலைத்துவிட்ட நல்ல வழக்கம். வம்ச வழியும் வாழ்க்கைக் குறிப்பும் தேவார திருவாசகங்களும் நன்றியுரையும் ஒரே கையேட்டில் அமைவதால், பல குடும்பங்களுக்குத் தம் முன்னோரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்தாவணம் அதுவாகவே இருக்கிறது. ஆனால் அழுத கண் காயாத ஒரு மாதத்துக்குள், வருவோர் போவோரைக் கவனித்துக்கொண்டே எழுதப்படுவதால், எல்லா வீட்டு அம்மம்மாக்களும் அதில் ஒரே அம்மம்மாவாகி விடுகிறார்கள். அன்பானவர், விருந்தோம்பும் பண்பினர், இறை பக்தி மிக்கவர் என்பவை யாவும் உண்மையாக இருக்கலாம். எனினும் அடுத்த வீட்டு ஆச்சிக்கும் அவை பொருந்தும். அவர் ஒருவருக்கு மட்டுமே உரியவை எவை என்று தேடி, அவர் இருக்கும்போதே பதிந்து, தெரிந்தவர்களிடம் சரிபார்த்து வைப்பதற்கான முறையை, எங்கள் தவறுகளிலிருந்து கற்றபடி கீழே தருகிறேன்.

முதலாம் படி: ஒரு பொருளை முன்னால் வையுங்கள்

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்த அம்மம்மாவும் "என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை" என்றுதான் சொல்வார். அந்தக் கேள்விக்கு வாசலே இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். பாக்குவெட்டி, குத்துவிளக்கு, தேங்காய் துருவும் திருவலை, சுளகு, நீத்துப்பெட்டி, கூறைச்சேலை என எதுவாகவும் இருக்கலாம். இது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், யார் பாவித்தார், எப்போது உடைந்தது, ஏன் எறியவில்லை என்று கேளுங்கள்.

சின்னம்மம்மாவிடம் நான் கொடுத்தது அம்மம்மாவின் திருவலை. அதன் பலகையின் ஒரு மூலை கரியாகியிருந்தது. அந்தக் கரியைத் தடவிப் பார்த்துவிட்டு, 1964 மார்கழிச் சூறாவளியில் அடுப்படிக் கூரை பறந்ததையும், ஈர விறகு பற்றாமல் போக வீட்டிலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்ததையும், திருவலையில் தீ பிடித்ததும் அம்மம்மா அதை மட்டும் வெளியே இழுத்து மண்ணில் புரட்டியதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். சூறாவளியைப் பற்றி நேராகக் கேட்டிருந்தால் "பெரிய காத்து" என்ற அளவில் முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: குரலைப் பதிந்துகொள்ளுங்கள்

கைத்தொலைபேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலி போதுமானது. புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. பதியப் போவதை முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். மறைத்து வைத்துப் பதிவது, எவ்வளவு அன்பினால் செய்தாலும், அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. தொலைபேசியை அவருக்கு ஒரு முழம் தூரத்தில், துணி மடித்த ஒரு விரிப்பின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தமெல்லாம் இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கு வைத்த பின்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் உள்ள நேரம் எங்கள் வீட்டில் நன்றாக அமைந்தது. ஒரு தடவைக்கு 30 அல்லது 40 நிமிடங்களுக்கு மேல் நீட்ட வேண்டாம்; களைத்தவர் சுருக்கிச் சொல்லத் தொடங்குவார்.

பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவரின் பெயர், உடன் இருப்பவர்கள் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இருந்தால் அவை தாமே வரிசையாக நிற்கும். அன்றிரவே மூன்று பிரதிகள் எடுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் உறவினரிடம். 1983க்குப் பின் பலமுறை இடம்பெயர்ந்து, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்ததையும் பார்த்த ஊர் நம்முடையது. ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இடப்பெயர்வு பற்றிய கேள்விகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். யார் இறந்தார், யார் காணாமற்போனார் என்று நாமாகக் கேட்கக் கூடாது. "போகும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அவராகப் போக விரும்பினால் போவார். அவர் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள், பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

எழுத்தில் பெயர்க்கும்போது அவருடைய பேச்சைத் திருத்தாதீர்கள். "எண்டு" என்பதை "என்று" ஆக்கினால் வாசிக்க இலகுவாக இருக்கும், ஆனால் அவருடைய குரல் போய்விடும். மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியும், வெளியே உங்கள் விளக்கமாகவும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: காலத்தை நிறுவுங்கள்

நம் பாட்டிமார் காலத்தை எண்களால் நினைவில் வைத்திருக்கவில்லை, நிகழ்வுகளால் வைத்திருந்தார்கள். ஆகவே ஊரின் நிகழ்வுகளைக் கொண்டு ஒரு ஏணி செய்துகொள்வது அவசியம். குண்டு வீச்சு 1942. கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கோணேசர் கோயிலின் திருமேனிகள் வெளிப்பட்டது 1950. பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியது 1957. சுவாமி மலையில் மீள எழுந்த கோயிலின் குடமுழுக்கு 1963. சூறாவளி 1964. "குடமுழுக்குக்கு நான் பெரியவனைத் தூக்கிக்கொண்டு போனேன், சின்னவன் வயிற்றில்" என்று ஒருவர் சொன்னால், இரண்டு பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளும் பெரும்பாலும் கிடைத்துவிடும். சொல்பவர் சம்பவத்தில் பிழைவிடுவது அரிது. ஆண்டில்தான் பிழை வரும்.

அடுத்தது அடையாள அட்டை. பழைய முறையிலான தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும்; பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அம்மம்மாவின் திருமுறைப் புத்தகத்துக்குள்ளிருந்து பல மாதங்கள் கழித்து நாங்கள் கண்டெடுத்த பிரதியில் 38612 என்று இலக்கம் தொடங்கியது. 612இலிருந்து 500ஐக் கழித்தால் 112. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள்; ஆகவே ஜனவரி 31, பெப்ரவரியோடு 60, மார்ச்சோடு 91, எஞ்சியது 21. அவர் பிறந்தது 1938 ஏப்ரல் 21. குண்டு விழுந்தபோது நான்கு வயதுக்குப் பன்னிரண்டு நாட்கள் குறைவு. தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய வயதுதான்.

அடையாள அட்டைக்காகக் கொடுத்த பிறந்த திகதியும் சில வேளை மதிப்பாகவே இருக்கும் என்பதால், சாதகக் குறிப்பையும் தேடுங்கள். அதில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: வெகுதானிய 1938, பிரமாதி 1939, விக்கிரம 1940, விசு 1941, சித்திரபானு 1942 ஆகியவற்றின் சித்திரையில் தொடங்குகின்றன. இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் பிறப்பதால், தையும் மாசியும் பங்குனியும் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குள் விழும். 1942 ஏப்ரல் 9 விசு வருடத்துப் பங்குனியே தவிர சித்திரபானு அல்ல. எங்கள் வீட்டில் கிடைத்த குறிப்பு வெகுதானிய வருடம் சித்திரை என்றது; அட்டையும் அதுவும் ஒத்துப்போயின.

நான்காம் படி: அடுப்படியில் அளவெடுங்கள்

ஒரு குடும்பத்தின் மரபில் முதலில் அழிவது கைப்பக்குவம். செய்முறையை வாயால் கேட்டு எழுதினால் "மாவைக் குழைத்து, உப்புப் போட்டு, அவிக்க வேண்டியதுதான்" என்று வரும். எவ்வளவு என்று கேட்டால் "அளவாக" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அளவு அவருடைய கையில் இருக்கிறது. ஆகவே அவருடைய கையைத்தான் அளக்க வேண்டும்.

இதற்கு ஒரு சிறு தராசும் ஒரு கிண்ணமும் போதும். அவர் உப்பை அள்ளிச் சட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் கிண்ணத்தை நீட்டி அதில் போடச் சொல்லுங்கள். நிறுத்து எழுதிக்கொண்டு, பிறகு சட்டியில் கொட்டுங்கள். தேங்காய்ப்பாலுக்கும் புளிக்கும் மிளகுக்கும் இதையே செய்யுங்கள். அவர் சுண்டாகப் பாவிப்பது ஒரு பழைய பால்பேணி என்றால், அந்தப் பேணியிலேயே அரிசியை நிரப்பி நிறுத்துப் பாருங்கள், ஏனென்றால் அடுத்த வீட்டுப் பேணி வேறு அளவாக இருக்கும். பிட்டுக்குக் கொதிநீர் ஊற்றிக் குழைக்கும்போது மா எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைத் தராசு சொல்லாது. அதற்கு அவர் ஒரு பிடி மாவைப் பொத்தித் திறந்து காட்டும் கணத்தை ஒளிப்படமாக எடுங்கள். அந்தப் பிடி கையில் விரல் அடையாளத்தோடு நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.

எதை முதலில் எழுதுவது என்று தயங்கினால், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செய்யப்படுபவற்றிலிருந்து தொடங்குங்கள். நாளாந்தச் சொதியைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பழகிவிடுவார்கள். ஆடிப்பிறப்புக் கூழுக்கு அரிசிமாவை எப்படி உருட்டுவது, வறுத்த பயறு எப்போது போடுவது, பனங்கட்டியைத் தேங்காய்ப்பாலுக்கு முன்னா பின்னா கரைப்பது, தேங்காய்ச் சொட்டு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பவற்றை ஆண்டில் ஒரே நாளில்தான் பார்க்க முடியும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் சரக்கும் இப்படித்தான்: மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி என்று பெயர்களை எல்லோரும் சொல்வார்கள், எதை வறுப்பது, எதைப் பச்சையாக அரைப்பது, எத்தனையாம் நாளில் எந்த மீனோடு சேர்ப்பது என்பது வீட்டுக்கு வீடு வேறு. அதை எழுதி வையுங்கள். இன்றைய தாய்க்குக் கொடுக்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வழக்கங்களை, செய்யும் ஒழுங்கோடு எழுதுங்கள்

"தைப்பொங்கல் கொண்டாடுவோம்" என்று எழுதுவதில் பயன் இல்லை. பானை எந்தத் திசை நோக்கி, கோலத்தை யார் போடுவார், முதற்பிடி அரிசியை யார் இடுவார், பொங்கிய பின் முதற்பங்கு எந்த வீட்டுக்குப் போகும் என்று எழுதுங்கள். சித்திரை வருடப்பிறப்பில் மருத்துநீரைத் தலையில் வைத்தவர் யார், கைவிசேடத்தோடு வெற்றிலையில் வேறு என்ன வைத்தார் என்பதும், சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைக்க அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் அவ்வாறே.

குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் செய்யும் பல்லுக்கொழுக்கட்டை நாளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குமாறு பரிந்துரைப்பேன். குழந்தையை இருத்தி, வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் பிடித்து, கொழுக்கட்டையைச் சொரியும்போது யார் யார் கைவைத்தார்கள், முன்னால் பரப்பிய புத்தகம், பேனா, நகை ஆகியவற்றில் எந்தப் பிள்ளை எதை எடுத்தது என்பதை அம்மம்மாக்கள் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் நினைவு வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை வேறு எவராலும் தர முடியாது.

திருகோணமலையில் ஓர் அரிய பொருத்தமும் உண்டு. இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும், நம் ஊர் சொல்லும் கதையில், ஒரு மகன் தன் தாய்க்காகச் செய்தவை: ஒன்று அவள் வழிபடுவதற்காகக் கோணமலையையே பெயர்க்க முயன்ற இடம், மற்றது அவளுக்கான கடன்களைச் செய்ய நிலத்தைக் கிளறி நீர் கண்ட ஏழு ஊற்றுகள். உங்கள் அம்மம்மா இந்தக் கதையை எந்தச் சொற்களில் சொன்னார் என்பதையும் பதியுங்கள். தாயை இழந்தவர்கள் நோற்கும் சித்திராபூரணை விரதத்தையும், ஆட்டத்திவசத்திலும் ஆண்டுத் திவசத்திலும் அவருக்குப் பிடித்தவை என்று படைக்கும் கறிகளின் பெயர்களையும் அதே இடத்தில் சேர்த்துவிடலாம்.

ஆறாம் படி: படங்களும் பத்திரங்களும்

பழைய படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள்; பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும். இடமிருந்து வலமாகப் பெயர், உறவுமுறை, ஊர். படத்தை லேமினேட் செய்ய வேண்டாம். கடற்காற்றிலும் ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள்.

பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பாருங்கள். பாட்டனாரின் பெயருக்கும் அவற்றில் ஓர் இடம் உண்டு. நொத்தாரிசு எழுதிய பழைய காணி உறுதிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீதன உறுதியில் கொடுத்தவர், வாங்கியவர், அவர்களுடைய பெற்றோர், நான்கு எல்லைகளிலும் குடியிருந்தவர்கள் எல்லோரும் பெயரோடு இருப்பார்கள். அம்மம்மாவின் தாயினுடைய தாயின் பெயர் எங்களுக்கு ஓர் உறுதியின் கிழக்கு எல்லையில்தான் கிடைத்தது.

ஏழாம் படி: அவர் இல்லாதபோது

அவர் காலமாகிவிட்டால் வழி அடைபட்டுவிடாது, சுற்று வழியாகிவிடும். உடன்பிறந்தவர், பக்கத்து வீட்டார், மா இடிக்க வந்தவர், மூதூரிலிருந்து தயிர் கொண்டுவந்து கொடுத்த குடும்பம், ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர் என்று ஐந்து பேரைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். கூட்டமாக இருந்தால் வயதில் மூத்தவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஒரே நிகழ்வை இருவர் வெவ்வேறாகச் சொன்னால் ஒன்றைத் தள்ளிவிடாமல், யார் எதைச் சொன்னார் என்று இரண்டையும் எழுதுங்கள்.

எட்டாம் படி: மலராகத் தொகுத்தல்

இரண்டு தொகுப்புகள் செய்வதே முறை. ஒன்றில் எல்லாம் இருக்கட்டும்: காணித் தகராறு, பேசாமற்போன உறவுகள், அவர் ஒருமுறை மட்டும் சொல்லி அழுதவை. அது குடும்பத்தில் ஒருவரிடம் இருக்கும். மற்றது வெளியே போவது. அதில் உயிரோடிருப்பவர்களைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் அவர்களிடம் வாசித்துக் காட்டிய பின்னரே சேர்க்க வேண்டும். வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பண்புச்சொல் எழுதினால், அதற்கடியில் அதைக் காட்டும் ஒரு நிகழ்வை எழுதுங்கள். நிகழ்வு கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் மூத்த ஒருவரிடம் முழுவதையும் உரக்க வாசியுங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் 1941 என்ற எண் அச்சேறியிராது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பாதுகாக்க 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு பிரதியை அதற்குக் கொடுக்கலாம்.

அச்சிட்ட செய்முறைகளை அடுத்த ஆண்டு அதே நாளில் செய்து பாருங்கள். ஆடிப்பிறப்பன்று எங்கள் பக்கத்தை அடுப்புக்கு அருகே விரித்து வைத்து, எழுதியிருந்த அளவுகளை ஒன்றும் மாற்றாமல் கூழ் காய்ச்சிச் சின்னம்மம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் பிலாவிலையால் ஒரு வாய் எடுத்து, சிறிது நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "மிளகு காணாது, பிள்ளை. அக்கா கடைசியில இறக்கேக்க இன்னொரு தரம் போடுவா" என்றார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அதை எழுதினேன்.